திக்கல், அனுப்புநருக்குத் திருப்பப்பட்டது

என் ஒரே மகள் பேராச்சியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அது போதாது என்பவர்கள் நெல்லையப்பர் கோயிலுக்கு வரலாம். கற்பூரத்தைக் கையால் அணைத்துக் காட்டுகிறேன். முப்பத்து மூன்று வருடம் ரயில்வே தபாலில் கடிதம் பிரித்து அடுக்கியவன் நான். ஒரு கடிதத்தைக்கூட உடைத்துப் படித்ததில்லை. பசை ஒட்டாமல் வந்தவற்றை இதில் சேர்க்கக் கூடாது.

எங்கள் குடும்பத்துச் சொத்து திக்கல். நிலம் நீச்சு எதுவும் இல்லாததால், பாகப்பிரிவினை செய்யாமலே எல்லோருக்கும் முழுசாக வந்த சொத்து அது ஒன்றுதான். அப்பாவின் பெயர் பாபநாசம். பிறந்த ஊரும் பாபநாசம். அவருக்கு 'ப' வராது. திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறி, கண்டக்டரைப் பார்த்து "பா… பா…" என்று தொடங்குவார். சேரன்மகாதேவி போகும், வீரவநல்லூர் போகும், அம்பாசமுத்திரம் போகும். "…பநாசம் ஒண்ணு" என்று அவர் முடிக்கும்போது பஸ் பாபநாசத்தில் நிற்கும். "எறங்கும் அண்ணாச்சி, வந்தாச்சு" என்பார் கண்டக்டர்.

வார்த்தை அடைக்கும்போது அவருக்கு இடது கண் மூன்று தடவை சிமிட்டும். கூடவே கழுத்து வலது பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். பெண் பார்க்கப் போன இடத்திலும் அது நடந்தது. என் அம்மா அதைத் தனக்கு மட்டும் சொன்ன ரகசியம் என்று எடுத்துக்கொண்டு சம்மதித்துவிட்டார். நான் பிறந்ததற்குக் காரணம் அந்த மூன்று சிமிட்டல்கள்தான்.

இப்படிப்பட்டவருக்கு வேலை என்ன தெரியுமா? கோர்ட்டில் டவாலி. வழக்குக்காரர் பெயரை வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிடும் வேலை. மூன்றாவது தடவைக்கும் ஆள் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதி, ஒருதலையாகத் தீர்ப்பு போய்விடும். வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் சிரிக்கக் காத்திருந்தார்கள். அப்பா மார்பை நிமிர்த்தி, ராகம் போட்டு, ஒரு கீறல் இல்லாமல் மூன்று தடவை கூப்பிட்டார். அந்த ராகத்தில் மட்டும் அவருக்குத் திக்காது. ராகத்தை விட்டால் பழைய கதை. வீட்டில் யாரையும் ராகம் போட்டுக் கூப்பிட முடியாதே. அதனால் என்னை எப்போதும் "ஏலே" என்றுதான் கூப்பிட்டார். கோமதிநாயகம் என்ற என் முழுப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

எனக்கும் அந்தப் பெயர் சுலபமாக வராது. 'கோ'வில் நின்றுவிடும். அதனால் அறிமுகமாகும் இடங்களில் நான் பலகாலம் சுப்பையாவாக இருந்தேன்.

பிறகு பேராச்சி. என் அம்மாவின் பெயரை வைத்தோம். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் என் மனைவி உலகம்மாள் அவளைப் "பாப்பா" என்று கூப்பிட்டாள். குழந்தைக்கு மூன்று வயதில் நாக்குத் திருந்தி வந்தது. நாலு வயதில் ஒருநாள், "ஒன் பேரு என்ன?" என்று யாரோ கேட்டதற்கு, "பே… பே… பே…" என்றாள். இடது கண் மூன்று தடவை சிமிட்டியது. கழுத்து வலது பக்கம் வெட்டியது. கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆனால் பேராச்சிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நாங்கள் மூவரும் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். ஒருவருக்கு அடைத்தால் மற்ற இருவரும் காத்திருப்போம். யாரும் அடுத்தவர் வார்த்தையை எடுத்துக்கொடுக்க மாட்டோம். "இன்னைக்குக் கொ-கொழம்பு நல்லாருக்கு" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குழம்பு ஆறி, சூடாகி, மறுபடி ஆறும். ஒருவருக்கும் அவசரம் கிடையாது. உலகம்மாள்தான் தலையில் அடித்துக்கொள்வாள்: "இந்த வீட்டுல ஒரு சேதி கேக்க ரேஷன் கடை வரிசை மாதிரி நிக்கணும்."

அவசரம் வந்தது பேராச்சியின் இருபத்து நான்காவது வயதில். தூத்துக்குடித் துறைமுகத்தில், வருகிற கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் பேசி வழிசொல்லும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்திருந்தாள். அடுத்தது குரல் தேர்வு.

"க-கப்பல் நமக்காகக் காத்திருக்காதுப்பா" என்றாள். "நான் 'வ-வலது' சொல்லி முடிக்கங்குள்ள அது கரையில ஏறிரும்."

அப்போதுதான் பாளையங்கோட்டையில் டாக்டர் மெர்சி ஞானசெல்வத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பரம்பரை நோய்களுக்கு ஒரு புது ஊசி கண்டுபிடித்திருந்தார். பத்திரிகையில் வரவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பத்திரிகை ஆசிரியரே தன் வழுக்கையைத் தன் அப்பாவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் எழுதுவாரா?

திருப்புவது என்றேனே, அதுதான் விஷயம். நாங்கள் மூவரும் எதிரே உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னார்:

"இங்க பாருங்க அண்ணாச்சி, இத அழிக்க முடியாது. நானும் எட்டு வருசம் முயற்சி பண்ணிட்டேன். ஒடம்புலேருந்து வெளிய எடுத்தா ஆறே வாரத்துல வந்த வழியே திரும்பி வந்துருது. ஆனா ஏற்கெனவே அதுக்குப் பழக்கமான ஒடம்பு ஒண்ணு இருந்தா, அங்க போய்த் தங்கிரும். யார்ட்டேருந்து வந்துச்சோ அவங்ககிட்ட மட்டும். ஒரு படி மேல. அதுவும் அவங்க மனசார வாங்கிக்கிட்டாத்தான்."

"பு-புரிஞ்சுது" என்றேன். "விலாசதாரர் ஏத்துக்கலன்னா அ-அனுப்புநருக்குத் திருப்புறது."

"ஆமா. நீங்க தபால்காரவங்களோ? கையெழுத்து வேணும்."

பிறகு எங்கள் மூவரின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் வேறொன்றும் சொன்னார். "ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. பரம்பரைன்னா எழுதிவச்ச விதி இல்ல. அது ஒரு கதவத் தெறந்து வைக்கும், அவ்வளவுதான். திக்கல் உள்ள வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் பாதிப் பிள்ளைகளுக்குத் தானாப் போயிரும். இவளுக்கு வராமலேகூட இருந்திருக்கலாம்."

இந்தக் கதையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் வாக்கியம் அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கே பேராச்சியின் திக்கலை நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, ஆளுக்கொரு ஊசி. ஆறாவது நாள் அவள் கண்ணாடி முன்னால் நின்று "பேராச்சி, பேராச்சி, பேராச்சி" என்று நூறு தடவை சொன்னாள். குரல் தேர்வில் தேறினாள். வேலையும் கிடைத்தது.

எனக்கு இரட்டைத் திக்கல். காலையில் காப்பி கேட்கத் தொடங்கினால் உலகம்மாள் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனில் கேட்ட ஒரு பெண், என் "வே… வே…" முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து, அந்த வேலையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதெல்லாம் எனக்குப் பாரமாக இல்லை. மகள் சுமையை அப்பன் தூக்குவது பெரிய காரியமில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. நான் "பா…" என்று தொடங்கினால் பேராச்சி இப்போது காத்திருப்பதில்லை. "பால் வேணுமாப்பா? பாய் எடுக்கவா? பாட்டுப் போடவா?" என்று வரிசையாகக் கேட்பாள். அவள் கேட்டதில் நான் சொல்ல வந்தது இருக்காது. சரி என்று தலையாட்டிவிடுவேன். அப்படி அந்த வருடம் எனக்கு வேண்டாத பால் நிறையக் குடித்தேன்.

இதற்குள் ஊரில் அந்த ஊசி பரவிவிட்டது. டாக்டர் வீட்டு வாசலில் மகன்களும் மகள்களும் தாய் தகப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நின்றார்கள். எழுபது வயசுக்காரர்கள் பிள்ளைகளின் ஆஸ்துமாவை வாங்கிக்கொண்டு இளைத்தபடி ஆட்டோவில் திரும்பினார்கள். மனசார வாங்கவேண்டும் என்பது விதி. எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? முதியோர் இல்லத்தில் சாயங்காலம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டும் தோளைக் குலுக்கிக்கொண்டும் இருப்பார்கள் என்று ஓர் ஆயா சொன்னாள். ஒருவர் தன் அப்பாவின் அஸ்திக் கலசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். "சாம்பல் கையெழுத்துப் போடாது, போயிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

கல்யாணச் சந்தையிலும் அது நுழைந்தது. ஜாதகத்தோடு, பரம்பரை நோய் இல்லை என்ற சீட்டும் கேட்டார்கள். பேராச்சிக்குத் துறைமுகத்திலேயே கூட வேலை பார்க்கும் பையன் அமைந்தான். அவன் அப்பா ஐயம்பெருமாள் போனில் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "எங்க பக்கம் கண்ணு, காது, வாயி எல்லாம் சுத்தம் சம்பந்தி. உங்க பக்கம் எப்படி?" நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் உலகம்மாள் போனைப் பிடுங்கி, "எங்க பக்கமும் சுத்தந்தான்" என்று சொல்லிவிட்டாள்.

நிச்சய தாம்பூலத்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று, 'என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுக்கச் சம்மதம்' என்று சபைக்குக் கேட்கும்படி வாயால் சொல்லவேண்டும். அதை வேறு யாரும் சொல்ல முடியாது. எனக்கிருந்த இரட்டைத் திக்கலில் நான் அதைச் சொல்லி முடிக்கும்போது பேராச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வந்துவிடும்.

இதை வாங்கிக்கொள்ளும்படி அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டது உலகம்மாள். என்னை அவர் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள். அது வேறு, நான் கேட்பது வேறு என்று இருபது வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு. கேட்டுவிட்டுச் சிரித்தார். இடது கண் மூன்று தடவை சிமிட்டியது.

"எ-எஞ் சரக்குத்தானல. எ-எங்கிட்டயே வரட்டும்."

டாக்டர் மெர்சிக்கு மனசில்லை. "அண்ணாச்சி, மூணு பேரோடது ஒரே ஆள்மேல எறங்கும். பெரியவரு வாயே தெறக்க முடியாமப் போகலாம்" என்றார்.

"நான் பே-பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சும்மா" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே. ஒ-ஒண்ணே ஒண்ணு ஒங்கிட்ட சொ… சொ…"

நர்ஸ் ஊசியோடு நின்றாள். வெளியே வரிசை. நான்கு நாளில் நிச்சயம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் செய்யாததை அன்றைக்கு நான் செய்தேன்.

"பெ-பெறவு சொல்லுங்கப்பா" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் என் நாக்கு அவிழ்ந்தது. ஐம்பத்தாறு வருடம் கட்டிக்கிடந்த நாக்கு. பால்காரரிடம் பேசினேன், பக்கத்து வீட்டு நாயிடம் பேசினேன், ரயில் கால அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தேன். அதே மூன்றாம் நாள் அப்பாவின் வாய் அடைத்தது. உதடுகள் ஏதோ ஒரு சொல்லுக்காகச் சேரும், சேர்ந்தபடியே நிற்கும். கண் சிமிட்டும், கழுத்து வெட்டும், நெற்றியில் வியர்வை வரும், சொல் வராது. எழுதிக் காட்டட்டும் என்று நோட்டும் பேனாவும் கொடுத்தோம். திக்கல் கைக்கும் இறங்கியிருந்தது. நாற்பது பக்கமும் ஒரே எழுத்தை எழுதியிருந்தார். அதுவும் என்ன எழுத்து என்று முடிவாகத் தெரியவில்லை.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து, பழைய மாதிரி காத்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்கலாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நான் உட்காரத்தான் செய்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்தில் நானே பேசிக்கொண்டிருந்தேன். புதிதாக சைக்கிள் ஓட்டப் பழகியவன் இறங்குவானா?

நிச்சயதார்த்தத்தன்று காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பாவை உள்ளறையில் உட்கார வைத்து, உலகம்மாள் கதவைச் சாத்தினாள். "பெரியவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லியிருந்தோம். கூடத்தில் நான் எழுந்து நின்றேன். முப்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்குப் பிடித்திருந்தது.

"சபைக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தேன். ஒரு வரி சொல்லவேண்டிய இடத்தில் எங்கள் குலதெய்வத்திலிருந்து தொடங்கினேன். ஐயம்பெருமாள் பக்கத்தில் இருந்தவரிடம், "சம்பந்தி நல்லாப் பேசுதாவளே, கட்சிக்காரவங்களோ?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கு இன்னும் உற்சாகம். அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கோமதிநாயகம்!"

கோர்ட்டு வராந்தாக் குரல். அதே ராகம். ஒரு கீறல் இல்லை.

கூடம் திரும்பிப் பார்த்தது. "அது யாரு?" என்றார் ஐயம்பெருமாள். உலகம்மாளின் முகம் வெளுத்தது. நான் கையைக் காட்டி, "ஒண்ணுமில்ல, இருங்க, முடிச்சிருதேன்" என்றேன். நான் நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்கப்போகும் முதல் நீளமான வாக்கியம் அது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"கோமதிநாயகம்!"

பேராச்சி மணையிலிருந்து பாதி எழுந்து, "அப்பா…" என்றாள். நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

"கோமதிநாயகம்!"

மூன்றாவது. 'என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுக்கச் சம்மதம்' என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டு மாற்றினோம். பிறகுதான் உள்ளே போனேன். அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிமிட்டவில்லை. கழுத்து வெட்டவில்லை. அவரை அவ்வளவு அசையாமல் நான் பார்த்ததே இல்லை.

நான் ஆஜராகவில்லை. தீர்ப்பு ஒருதலையாகப் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டாக்டர் மெர்சியிடம் போனேன். என் திக்கலைத் திருப்பிக் கேட்டேன். பேராச்சியுடையதும் சேர்த்து என்றேன். அவர் ஊசி போடுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். வாசலில் வரிசை இல்லை.

"கொடுக்கிறதுக்கு ஆள் இல்லியே அண்ணாச்சி" என்றார். "அவரோட எரிஞ்சு போச்சு."

"அவரு என்ன சொல்ல வந்தாருன்னு…"

"நீங்க கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

பேராச்சிக்குக் கல்யாணம் நடந்தது. துறைமுகத்துக்கு ஒருமுறை போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். எந்த நாட்டுக் கப்பலோ, அவள் சொன்னபடி மெதுவாகத் திரும்பியது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். கப்பல்களுக்குக் காத்திருக்க அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெளியே வந்ததும் நான் பேச ஆரம்பித்தேன், அவளும் ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், தடையில்லாமல், அரைமணி நேரம் பேசினோம். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை.

"முன்னால எல்லாம் நாம நல்லாப் பேசுவோம்லாப்பா?" என்றாள் பஸ் ஏற்றிவிடும்போது.

அடுத்த வருடம் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். "இவனுக்கு வருமாப்பா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கேட்டாள். வராது என்றேன். தாத்தாவோடு எரிந்துபோயிற்று என்றேன். நல்லது என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையனுக்கு நாலு வயதாகும்வரை ஒன்றும் இல்லை. மழை மாதிரிப் பேசினான். ஒருநாள் மத்தியானம் அவன் தட்டில் சோறு பிசைந்துகொண்டே என்னைக் கூப்பிட்டான். "தா…" என்றான். நின்றது. "தா… தா…" இடது கண் சிமிட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. கழுத்து வலது பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது.

டாக்டர் மெர்சி சொன்ன கதவு. ஆள் போனாலும் அது சாத்திக்கொள்ளாது போலிருக்கிறது.

என் வாய் தானாகத் திறந்தது. தாத்தாவா, தண்ணியா, தயிரா என்று எடுத்துக்கொடுக்கத்தான். பேராச்சி சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"சொல்லட்டும்ப்பா" என்றாள். "நமக்கு என்ன அவசரம்?"

சோறு ஆறியது. ஜன்னல் வெயில் தட்டிலிருந்து இறங்கி, தரையில் நகர்ந்து, சுவரில் ஏறியது. நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்து, அவன் அந்த வார்த்தையைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை காத்திருந்தோம்.

ஒரு தகவல் பாக்கி இருக்கிறது. எனக்கு மகள் கிடையாது. இந்தத் திக்கல் என்னோடு நிற்கட்டும், கல்யாணமே வேண்டாம் என்று இருபத்தாறாவது வயதில் அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவர் "ஏலே" என்று தொடங்கிய பதிலை முடிக்கும்வரை நிற்காமல் டூட்டிக்குக் கிளம்பிப் போனவன் நான்.